மேல் கொப்பு மஞ்சள் அடித்தால்

இந்த நகரத்தின் மரங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்த காலத்தில் இந்த வேலையில் தமிழன் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய கையோடு ஒஸ்லோவுக்கு வந்து, பூங்காக்களில் இலை கூட்டி, கடைசியில் கயிற்றில் தொங்கப் பழகினவன் நான். நீங்கள் இங்கேயே பிறந்து, தொழிற்பள்ளியில் முறையாகப் படித்துவிட்டு வருகிறீர்கள். ஒருவர் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படித்துவிட்டு வந்திருக்கிறார். நான் கொப்பு என்றால், கிளையைத்தானே சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கிறார். தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோர்வேஜிய மொழியிலும் இதை எழுதியிருக்கலாம். ஆனால் இதில் வருகிறவர்கள் தமிழில்தான் கதைத்தார்கள், தமிழில்தான் அழுதார்கள்.

கயிறு, வாள், முடிச்சு பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்துக் கயிறுகளைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு தாயைப் பற்றியும் எல்ம் மரங்களைப் பற்றியும்தான்.

எல்ம் மரத்தை இங்கே அல்ம் என்பார்கள். வீதியோரங்களிலும் பூங்காக்களிலும் சேமக்காலைகளிலும், அதாவது கல்லறைத் தோட்டங்களிலும், அழகுக்காகவே நட்டு வளர்த்த மரம். அடிமரம் ஒன்றாக எழும்பி, ஆள் உயரத்துக்கு மேலே போய்ப் பல கொப்புகளாகப் பிரியும். எல்லாம் வானத்தைப் பார்த்துப் போய், உச்சியில் வெளிப்பக்கமாக வளைந்து தொங்கும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு நளினமாக அசைகிற மரம் வேறொன்றில் நான் ஏறியதில்லை. ஓக் மரம் காற்றோடு சண்டை பிடிக்கும். எல்ம் காற்றுக்கு வழி விட்டு, பிறகு ஆறுதலாகத் தன் இடத்துக்கு வரும். இலையைத் தடவினால் பூனையின் நாக்கு மாதிரிச் சொரசொரக்கும். வசந்தத்தில் இலை வருவதற்கு முன்பே வட்ட வட்டமான பச்சைக் காய்கள் கொப்பு நிறையக் காய்க்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் மரம் தளிர்த்துவிட்டது என்று ஏமாறுவார்கள். ஜூன் மாதத்தில் அவை காய்ந்து உதிர்ந்து, கலியாண வீட்டில் தூவினது போல நிலமெல்லாம் கிடக்கும்.

நகரத்தின் ஓரத்தில் குரோருட்டில், மலைச்சரிவில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுமுற்றத்தில் அப்படி ஒரு மரம் நின்றது. கட்டடங்கள் வருவதற்கு முன்பே அங்கே நின்ற மரம். கட்டினவர்களுக்குப் புத்தி இருந்திருக்கிறது, அதை விட்டுவைத்துச் சுற்றிக் கட்டினார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலோர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த கத்தோலிக்கர். மே மாதம் மாதாவின் வணக்கமாதம் என்பதால், மழை இல்லாத மாலைகளில் ஒரு மேசையைத் தூக்கிவந்து மரத்தடியில் போட்டு, மாதாவின் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, வைத்துச் செபமாலை சொல்வார்கள். அதே மேசையில் நோர்வேயின் தேசிய தினத்தன்று வெள்ளைக்காரர் வாஃபிள் சுடுவார்கள். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் குடியிருப்பில் எமல்டா அக்கா என்று ஒருவர் இருந்தார். மன்னார் பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகன் அன்ரன். முற்றத்து மரத்தில் ஏறி இறங்கித்தான் அவன் வளர்ந்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் பழகிய காலத்தில், ஒரு நாள் அடிமரத்தில் தன் பெயரைத் தமிழில் வெட்டி வைத்துவிட்டான். குடியிருப்பு நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, மரத்துக்குச் சேதமா என்று கேட்டது. மரத்துக்கு ஒன்றும் ஆகாது, பெடியனுக்குத்தான் வீட்டில் பேச்சு விழும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு எமல்டா அக்கா பழக்கமானது அப்படித்தான்.

மேற்பள்ளி முடித்த வருஷம் அன்ரன் இரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். நகரத்தின் பழைய சேமக்காலை ஒன்றில் அவனை அடக்கம் செய்தார்கள். அந்தச் சேமக்காலையின் நடுவழி நெடுக இரண்டு பக்கமும் எல்ம் மரங்கள், மேலே ஒன்றோடு ஒன்று தொட்டுக் கூரை போட்டது போல நிற்கும். இடத்தைப் பார்க்கப் போன அன்று எமல்டா அக்கா மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கட முத்தத்து மரந்தான். இதுக்குக் கீழை விடுங்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

சில வருஷங்கள் கழித்து, ஒரு ஜூலை மாதத்தில், குரோருட் மரத்துக்கு எல்ம் நோய் வந்தது. அந்த நோயைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பூஞ்சணம். பட்டைக்குள் வாழும் சின்ன வண்டு அதைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் போகும். நீர் ஏறும் வழி அடைபட்டு மரம் நின்றபடியே காயும். மருந்து இல்லை. அன்று பார்த்தபோது மரத்தின் பாதி சுருண்டுவிட்டது. பட்டைக்குள் வண்டு முட்டையும் இட்டுவிட்டது. மரத்தை விழுத்தி, கட்டை கொப்பு எல்லாவற்றையும் உடனே கொண்டுபோய் எரிக்கவேண்டும். பட்டையோடு ஒரு துண்டு எங்காவது தங்கிவிட்டால், அடுத்த வசந்தத்தில் அதிலிருந்து வண்டு வெளிக்கிட்டு, கிட்டே நிற்கிற நல்ல எல்ம் மரத்தைத் தேடிப் பறக்கும்.

ஆகஸ்டில் விழுத்தினோம். குடியிருப்பே வெளியில் வந்து நின்றது. கொப்புகள் எல்லாம் போய்விட்டன, ஆனால் அடிமரத் துண்டுகளை ஏற்ற வந்த லொறி பாதி வழியில் பழுதாகிவிட்டது. அது விடியத்தான் வரும் என்றார்கள். துண்டுகளைச் சுற்றி நாடா கட்டி, தொடக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்டோம். காலையில் வந்தால் குவியல் பாதியாகிவிட்டது.

வெள்ளைக்காரர் எடுத்தது விறகுக்கு. விடுமுறைக்குப் போய்த் தங்கும் அவர்களுடைய மலைவீடுகளுக்கு எவ்வளவு விறகு இருந்தாலும் போதாது. நாங்கள் ஒவ்வொரு படிக்கட்டு வாசலிலும் அறிவித்தல் ஒட்டினோம். எல்ம் விறகு எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள், காரணம் இது, ஆபத்து இது. மனிதர்களைக் குறை சொல்லக்கூடாது. மலைவீடு வரை கொண்டுபோனவர்கள்கூடக் காரில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர் அடுக்கிவைத்த விறகை முழுதாகவே கொண்டுவந்தார், எது எல்ம் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் நினைத்தோம்.

அடுத்த மே மாதத்தில் செபஸ்ரியன் என்ற நண்பரின் மகளுக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவரும் அந்தக் குடியிருப்புத்தான். பலகாரத் தட்டோடு பல்கனிக்குப் போனேன். அங்கே ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா சுருவம். மாதாவின் காலடியில் வட்டமாக வெட்டிய ஒரு மரத்துண்டு, சுற்றிவரப் பட்டையோடு. கீழே விரித்திருந்த வெள்ளை லேஸ் துணியில் மெல்லிய மண்ணிறத் தூள்.

அந்தத் தூளை விரலில் எடுத்துப் பார்த்தேன், புழு அரித்த தூள். "இது எங்காலை?" என்று கேட்டேன்.

"எங்கட மரமெல்லோ!" என்றார் செபஸ்ரியன் பெருமையாக. "எத்தினை வருஷம் அதுக்குக் கீழை செபமாலை சொன்னனாங்கள். விட மனமில்லை. செபமாலைக்கு வாற வீடுகளுக்கெல்லாம் நான்தான் ஒவ்வொரு துண்டு அறுத்துக் குடுத்தனான்."

"வாசலிலை அறிவித்தல் ஒட்டினனாங்களே, வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான். விறகு எடுத்த ஆக்களைத்தானே கேட்டனீங்கள்? இது விறகே?"

அவர் எனக்குச் சாட்டுச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அத்தனை வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நாங்கள் கேட்டது விறகு. அவர்களிடம் இருந்தது மாதா நின்ற மரம். அந்த அறிவித்தலைப் பார்த்து அவர்களில் ஒருவருக்குக்கூட, இது எங்களைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றவில்லை. மரியாதை தெரிந்த, சட்டத்துக்குப் பயந்த சனங்கள். இந்தத் தவறை எங்களுடைய ஆட்கள் மட்டுந்தான் விட்டிருக்க முடியும். பிள்ளைகளே, ஒரு கட்டளை எழுதும்போது, அது யாரைச் சொல்லவில்லை என்றும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சுருவத்தைக் கும்பிட்டுத் தூக்கி வைத்துவிட்டுப் பட்டையின் ஓரத்தைக் கத்தியால் கிளப்பினேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் கூட்டுப்புழுவாகும் நிலையில் இருந்தன. இன்னும் வெளிக்கிடவில்லை. வெளியே மே மாத வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் சூடு என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள்.

முதல்நன்மை வீட்டின் சாப்பாட்டை விட்டுவிட்டுச் செபஸ்ரியனும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒரு துண்டு மெழுகுதிரித் தட்டாக இருந்தது. ஒன்று பக்கத்து நகரமான திராமனுக்குக் குடிபோனவர்களோடு போயிருந்தது, அவர்கள் அன்றே கொண்டுவந்து தந்தார்கள். பெரும்பாலோர் பல்கனியில்தான் வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். சிலர் அழுதுகொண்டு கொடுத்தார்கள். ஒரு கிழவர் துண்டுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தந்தார்.

"இன்னும் ஆரிட்டை இருக்கு?" என்று கேட்டேன்.

செபஸ்ரியன் கையிலிருந்த துண்டுகளைக் கீழே வைத்தார். "எமல்டாக்காவிட்டை ஒண்டு இருக்கு. அன்ரன் பேர் வெட்டின துண்டு. ஆனா வீட்டிலை இல்லை. சேமக்காலையிலை, பெடியன்ரை தலைமாட்டிலை வைச்சிருக்கிறா."

இந்த நகரத்தில் அந்தத் துண்டை வைப்பதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. மேலே நெடுக எல்ம். வெளிக்கிடுகிற வண்டுக்குப் பறக்கக்கூடத் தேவையில்லை.

எங்கள் பிரிவின் தலைவிக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். இங்கர் என்று பெயர், என்னைவிட வயதில் குறைந்தவர், வேலையில் கெட்டிக்காரி. அவர் யோசிக்கவே இல்லை. "கல்லறை நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் ஆளை அனுப்பி எடுத்து எரித்துவிடலாம்" என்றார்.

"அந்தத் தாய் வந்து பார்க்கும்போது அது இல்லாவிட்டால்?"

"அவருக்குக் கடிதம் எழுதுவோம்."

"அதில் அவருடைய மகனின் பெயர் இருக்கிறது, இங்கர். மகன் வெட்டின எழுத்து."

இங்கருக்கும் பிள்ளைகள் உண்டு. "நீ விதிவிலக்குக் கேட்கிறாயா?" என்று கேட்டார்.

கேட்க நினைத்தேன் என்பதுதான் உண்மை. பட்டையை எங்காவது சூடேற்றிப் புழுவைக் கொன்றுவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் மாதா நின்ற துண்டை முத்தமிட்டுத் தந்த கிழவரின் முகமும் கண்ணுக்குள் நின்றது. மலைவீட்டிலிருந்து விறகைத் திருப்பி ஏற்றிவந்தவரும் இருந்தார். அவர்கள் எல்லோருக்கும் ஒன்று, எனக்குத் தெரிந்த அக்காவுக்கு ஒன்று என்று செய்தால், பிறகு நான் எந்த வாயால் யாரிடம் போய்க் கேட்பது?

"விதிவிலக்கு வேண்டாம். நேரம் மட்டும் தா" என்றேன்.

"நாளை மத்தியானம் வரை. அதற்குப் பிறகு நான் ஆளை அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதே" என்றார். நான் கோபிக்கவில்லை. அவர் சொன்னது சரி.

எமல்டா அக்காவிடம் தொலைபேசியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நேரில் வரச்செய்து திடீரென்று சொல்வது எனக்குப் பிடிக்காது. மனுசருக்குத் தங்களைத் தயார்ப்படுத்த ஓர் இரவாவது வேண்டும். அவர் முழுவதும் கேட்டார். "காலமை வேலைக்குச் சொல்லிப்போட்டு வாறன்" என்று வைத்துவிட்டார்.

காலையில் நான் போனபோது அவர் முன்பே வந்திருந்தார். வேலை உடுப்போடுதான் நின்றார். கல்லைத் துடைத்துப் பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார். தலைமாட்டில் அந்தத் துண்டு. அன்ரன் என்ற எழுத்துகள், பட்டை விரிய விரியத் தாங்களும் விரிந்து, அவன் வெட்டினதைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

"முத்தத்து மரத்தை வெட்டினது நீங்கள்தான்" என்றார், என்னைப் பார்க்காமல். "இப்ப இதையும் எடுக்க வந்திருக்கிறியள்."

"ஓம் அக்கா."

"கொண்டுபோய் என்ன செய்வியள்?"

மருந்து போட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லலாம். அவர் சமாதானமாகப் போய்விடுவார். பிறகு வருஷக்கணக்கில் சாட்டுச் சொல்லிச் சமாளிக்கலாம். இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு சுலபமான பொய் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். அதை எடுக்காதீர்கள். தன் பிள்ளையைப் புதைத்த ஒருவரிடம் நல்லெண்ணத்தில்கூடப் பொய் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

"எரிப்பம் அக்கா" என்றேன்.

அவர் கல்லில் கையை ஊன்றிக்கொண்டார். "பட்டையை உரிச்சுப்போட்டுக் கட்டையைத் தரலாம் எண்டு செபஸ்ரியன் சொன்னவர்."

"தரலாம். ஆனா எழுத்து பட்டையிலைதான் இருக்கு."

"அப்ப எனக்குக் கட்டை என்னத்துக்கு?"

நான் நிலத்தில் குந்தி இருந்தேன். எங்கள் மேலே எல்ம் காய்கள் பச்சைப் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெயில் அவற்றுக்குள்ளால் வந்து கல்லில் விழுந்தது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் வெயில் ஏற ஏற எனக்குள் பதற்றமும் ஏறியது.

"காட்டுங்கோ" என்றார் திடீரென்று. "இதுக்குள்ளை இருக்கு எண்டியள். எனக்குக் காட்டுங்கோ."

எழுத்து இல்லாத பக்கமாகப் பட்டையின் ஒரு ஓரத்தை மெல்லக் கிளப்பினேன். உள்ளே புழுக்கள் தின்றுபோன பாதைகள், விசிறி விரித்தது போல. அந்தப் பாதைகளின் நுனியில் அவை இருந்தன. சில ஏற்கெனவே கறுத்து, கால் முளைத்து, வண்டாகிவிட்டன. ஒன்று அசைந்தது.

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வழி நெடுக நின்ற மரங்களைப் பார்த்தார். மரங்களின் பெருமையைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்திருந்தேன், நல்லவேளை அது வெளியே வரவில்லை.

"அங்காலை ஒரு வெள்ளைக் கிழவர்" என்றார் அவர், மெதுவாக. "சனிக்கிழமையிலை வாறவர். மனுசியின்ரை கல்லுக்குப் பக்கத்திலை ஒரு சின்னக் கதிரையைப் போட்டு, கோப்பியும் கொண்டுவந்து, இந்த மரத்துக்குக் கீழை இருப்பார். நான் வந்தா எனக்கும் ஊத்தித் தருவார். அவருக்கு நான் என்ன சொல்லுறது? என்ரை பிள்ளையின்ரை பேருக்காக உங்கட மனுசியின்ரை மரம் போச்சு எண்டோ?"

அவர் முழந்தாளிட்டு எழுத்தின் மேல் விரலை வைத்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, பிள்ளைக்குக் கைபிடித்து எழுத்துப் பழக்குவது போல ஒவ்வொன்றின் மேலும் இழுத்தார். பிறகு துண்டைத் தானே தூக்கி, என்னுடைய சாக்குக்குள் தானே வைத்தார்.

"கட்டுங்கோ" என்றார்.

கட்டினேன். அப்போதுதான் அவர் அழுதார், சத்தமாக, ஊரில் அழுவது போல. பூக்கண்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்த வேறொரு பெண் திகைத்துப்போய் நின்றாள். நானும் அழுதேன். வெட்கப்படவில்லை.

போகும்போது அவர் ஒன்று கேட்டார். "இந்த மரங்களுக்கும் அந்த நோய் வந்தா எப்பிடித் தெரியும்?"

சொல்லிக்கொடுத்தேன். ஜூன் கடைசியிலிருந்து மேலே பாருங்கள், மற்ற இலையெல்லாம் பச்சையாக இருக்க, உச்சியில் ஒரே ஒரு கொப்பு மஞ்சள் அடித்துச் சுருண்டால், ஒரு நாளும் தாமதிக்காமல் எனக்குச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டால் அந்த ஒரு மரத்தோடு நிறுத்தலாம். பிந்தினால், நிலத்துக்குள் வேர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருப்பதால், அடுத்தடுத்த மரங்களுக்கும் போய்விடும். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, வேலைக்குப் போக ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அந்த வருஷம் மரங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வருஷங்களிலும் வரவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய கோடை கடும் வரட்சி. நகரமெங்கும் பேர்ச் மரங்களும் லிண்டன் மரங்களும் காலம் தவறி மஞ்சளாகின. சனங்கள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். என்னுடைய மரம் சாகிறது, ஆளை அனுப்புங்கள் என்று. எல்லாம் தண்ணீர் இல்லாத குறை. மஞ்சள் என்று யார் எடுத்தாலும், மழை வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லித் தொலைபேசியை வைக்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அந்த நாட்களில் ஒரு விடியற்காலை என் கைத்தொலைபேசி அடித்தது.

"தம்பி, எமல்டாக்கா கதைக்கிறன். சேமக்காலையிலை நிக்கிறன். ஒரு அல்ம் மரத்திலை மேல் கொப்பு மஞ்சள் அடிச்சுச் சுருண்டிருக்கு. மற்றதெல்லாம் பச்சை."

"வரட்சி அக்கா. எல்லா இடமும் அப்பிடித்தான் கிடக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னை நிறுத்தியது. "எந்த மரம்?" என்று கேட்டேன்.

"அன்ரன்ரை தலைமாட்டிலை நிக்கிறது."

நான் போய் ஏறினேன். அந்தக் கொப்பை வெட்டி, பட்டையைச் சீவிப் பார்த்தேன். மரத்துக்குள் மண்ணிறக் கோடுகள். சந்தேகமே இல்லை. எங்கிருந்து வந்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வேருக்கு இறங்கியிருக்கும்.

கீழே இறங்கியதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அக்கா, என்னைக் கூப்பிட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமெல்லோ?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் கூப்பிட்டனான். நேற்றுப் பின்னேரமே கண்டனான். ஒருத்தரும் மேலை பாக்கிறேல்லை, நான் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போனனான்." அவர் முந்தானை இல்லாத உடுப்பில் எதையோ தேடிவிட்டு, கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தார். "முடியேல்லைத் தம்பி. விடிய எழும்பி வந்திட்டன்."

இரண்டு நாளில் மரத்தை விழுத்தினோம். இங்கரும் வந்து நின்றார். அக்கம்பக்கத்து மரங்களுக்கு நடுவே ஆழமாக மண்ணை வெட்டி வேர்த்தொடர்பை அறுத்தோம். கல்லறைகளுக்கு ஒரு கீறல் விழாமல் கொப்பு கொப்பாக இறக்கினேன். என் வேலைக்காலத்தில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறில்லை. எமல்டா அக்கா நாடாவுக்கு வெளியே, கோப்பிக் கிழவரின் கதிரையில் இருந்தார். கிழவர் பக்கத்தில் நின்றார். அன்று லொறி நேரத்துக்கு வந்தது, ஒரு சுள்ளிகூட மிஞ்சவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எல்லாம் முடிந்து, வழியைக் கூட்டிச் சுத்தமாக்கிய பிறகு அவர் கல்லுக்குக் கிட்டே வந்தார். இத்தனை வருஷமும் நிழலில் கிடந்த கல்லில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. குனிந்து பூக்கண்டுகளின் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நிழலுக்கு வைச்ச கண்டு" என்றார். "இனி வெயில் தாங்கிற கண்டு வாங்கி வைக்கவேணும்."

மற்ற மரங்கள் எல்லாம் இன்றும் நிற்கின்றன. போன ஜூனில் போய்ப் பார்த்தேன். வழி முழுவதும் காய் உதிர்ந்து கிடந்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு எமல்டா அக்கா அலுவலக எண்ணுக்கே எடுக்கிறார் என்று அறிகிறேன். ஒவ்வொரு கோடையும், சில வேளை வாரத்துக்கு இரண்டு முறை. அவருடைய நோர்வேஜிய மொழி கொஞ்சம் திக்கும். மஞ்சள் இலைக்காரி வந்துவிட்டார் என்று உங்களில் யாரோ சிரித்ததாக இங்கர் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது தெரியும். இனி அவர் எடுத்தால் தமிழில் கதையுங்கள், எந்த மரம் என்று கேளுங்கள், ஏணியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.